ஓடின் கல்லும் எங்கள் கட்டுத்தரைக் கல்லும்

அப்பா அந்தக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்து முதலில் சொன்னது இதுதான்: “கடப்பாக் கல்லாட்டம் இருக்குதே கண்ணு.”

அவர் சொன்னது பெரிய தப்பில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில் நிற்கிற இந்த ஸ்டென்னஸ் கற்கள் அப்படித்தான் இருக்கின்றன. பாறை என்றோ தூண் என்றோ சொல்ல வராது; பலகை என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், கனமோ ஒரு முழம்கூட இல்லை. உச்சி மட்டும் கத்தியால் வெட்டியதுபோலச் சாய்வாக இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால், புல்வெளியில் யாரோ ஒரு தகட்டைச் செருகிவிட்டுப் போனதுபோல மெலிந்து தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரிய ஏரியின் அடியில் வண்டலும் மணலும் படிந்து படிந்து இறுகிய கல் அது. அடுக்கடுக்காக இருப்பதால் பலகை பலகையாகப் பெயர்த்து எடுக்கலாம். எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் மேடை போட்டிருக்கிற கடப்பாக் கல்லும் இப்படித்தானே அடுக்காகப் பெயர்ந்து வருகிறது. அப்பாவின் விரலுக்குக் கீழே சாம்பல் நிறத்திலும் வெளிர்பச்சையிலும் பாசிப்பூ பூத்திருந்தது, உலர்ந்த தோசைத் துணுக்குபோலச் சுருண்டு. அதைச் சுரண்டாமல் விரலை நகர்த்திக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

நான் அபர்டீனில் வேலை பார்க்கிறேன். அப்பா முதல் முறையாக வந்தது ஒரு ஜூன் மாதம். “கோட்டை கீட்டையெல்லாம் வேண்டாம், வயல் இருக்கிற ஊரா கூட்டிட்டுப் போ” என்றார். சரி, ஆர்க்னி போகலாம் என்று முடிவெடுத்தேன். ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் இருக்கும் தீவுக்கூட்டம். அபர்டீனிலிருந்து கப்பலில் ஆறு மணி நேரம். இரவு பதினோரு மணிக்குக் கர்க்வாலில் இறங்கியபோதும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. மறுநாள் காலை பெருந்தீவின் நடுப்பகுதிக்குப் போனோம். இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு குறுகலான நிலத்துண்டு. ஹாரே ஏரியில் நன்னீர். பக்கத்திலேயே இருக்கிற ஸ்டென்னஸ் ஏரியில் கடல்நீர் கலந்த உப்புத்தண்ணீர். இந்த இரண்டுக்கும் இடையில்தான், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், இரும்போ செம்போ அறியாத மக்கள் கல்லை நட்டு வைத்தார்கள்.

ஸ்டென்னஸ் வட்டத்தில் பன்னிரண்டு கற்கள் நிறுத்துவதாகத் திட்டம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இன்று நிற்பவை நான்கு. கி.மு. 3100 வாக்கில் எழுந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களைவிட ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது. வட்டத்தைச் சுற்றி ஓர் அகழி. இப்போது புல் மூடி லேசான பள்ளமாகத்தான் தெரிகிறது. 1973-74இல் தொல்லியலாளர் கிரஹாம் ரிச்சி தோண்டிப் பார்த்தபோது, அந்த அகழி ஓராள் ஆழத்துக்குப் பாறையிலேயே வெட்டப்பட்டிருந்தது தெரிந்தது. வட்டத்தின் நடுவில் பெரிய அடுப்பு ஒன்றும் இருந்தது.

அப்பா அதற்கப்புறம் அகழியை விட்டு நகரவே இல்லை. கிணறு வெட்டியவர் அவர். பாறை வந்துவிட்டால் ஒரு முழம் இறங்க எத்தனை நாள் ஆகும், எத்தனை வெடி வைக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். “மான்கொம்பையும் கல்லையும் வெச்சா தோண்டுனாங்க?” என்று இரண்டு தடவை கேட்டார். குனிந்து பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே முழுதாக ஒரு சுற்று சுற்றி வந்தார். செம்மறி ஆடுகள் அவருக்கு வழிவிட்டு நகர்ந்து, மறுபடி மேய்ந்தன.

அவரை நான் கூட்டிப்போனது இந்த நான்கு கற்களைக் காட்ட மட்டுமில்லை. வட்டத்துக்கு வடக்கே, வெறும் வயலில், இல்லாத ஒரு கல்லையும் காட்டத்தான்.

அதன் பெயர் ஓடின் கல். எட்டடி உயரம், மூன்றரை அடி அகலம். தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் துளை ஒன்று. ஆர்க்னி மக்களுக்கு அந்தத் துளைதான் எல்லாம். கைக்குழந்தையை அதன் வழியாக நுழைத்து எடுத்தால் முதுமையில் நடுக்குவாதம் அண்டாது என்று நம்பினார்கள். வலிக்கிற உறுப்பைத் துளைக்குள் விட்டு எடுத்தார்கள். கல்லிடம் வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது. ஒரு துண்டு ரொட்டியோ, பாலாடைக்கட்டியோ, கந்தல் துணியோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு சின்னக் கல்லோ வைத்துவிட்டுப் போக வேண்டும். கந்தல் துணி என்றதும் அப்பா தலையாட்டினார். நம்மூர் வேப்பமரத்தில் முடிந்துவிடும் துணி அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

காதலர்களுக்கு அங்கே தனி முறை இருந்தது. 18ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் அதை விவரமாகச் சொல்கின்றன. ஸ்டென்னஸ் வட்டத்தைச் சந்திரன் கோயில் என்றார்கள். அங்கே பெண் மண்டியிட்டு வேண்டிக்கொள்வாள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் பிராட்கர் பெருவட்டம் சூரியன் கோயில், அங்கே ஆண். அப்புறம் இருவரும் ஓடின் கல்லின் இரு பக்கமும் நின்று, துளை வழியாகக் கைகோத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம் என்று சத்தியம் செய்வார்கள். முடிந்தது. பாதிரியார் தேவையில்லை, சாட்சி தேவையில்லை. பிரிய நினைத்தால் ஸ்டென்னஸ் தேவாலயத்துக்குள் சேர்ந்து போய், ஒருவர் வடக்கு வாசல் வழியாகவும் மற்றவர் தெற்கு வாசல் வழியாகவும் வெளியேற வேண்டும்.

இந்தச் சத்தியத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று ஒரு சம்பவம் சொல்கிறது. ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கிக் கைவிட்ட இளைஞனை அங்கே திருச்சபைப் பெரியவர்கள் விசாரித்தார்கள். வழக்கத்தைவிடக் கடுமையாக நடந்துகொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஏன் இத்தனை கோபம் என்று கேட்டதற்கு, இவன் எவ்வளவு கெட்டவன் தெரியுமா, ஓடின் சத்தியத்தையே மீறிவிட்டான் என்றார்களாம். தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

கற்களை நட்டவர்களுக்கு ஓடின் யார் என்றே தெரியாது. ஓடின், நார்வே பக்கத்து நார்ஸ் மக்களின் தெய்வம். அவர்கள் கப்பலேறி ஆர்க்னிக்கு வந்தது கி.பி. 800ஐ ஒட்டித்தான், கல் நட்டுக் கிட்டத்தட்ட நாலாயிரம் ஆண்டுகள் கழித்து. வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெரிய பெயரை அந்தக் கல்லுக்கு வைத்தார்கள். நம் ஊர்களில் பெருங்கற்காலக் கல்லறைகளைப் பாண்டவர் குழி என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்கிறோமே, அதே மனசுதான். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிழையான பெயர் என்று ஒதுக்குவதைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெரியாத ஒன்றுக்குத் தங்கள் சாமியின் பெயரை வைத்ததால்தான் தலைமுறை தலைமுறையாக அதன்மேல் யாரும் கை வைக்கவில்லை. பெயர் இல்லாத கல்லை உடைக்க யாருக்கும் தயக்கம் வராது.

ஆனாலும் ஓடின் கல்லை உடைத்தார்கள்.

1814 டிசம்பரில் அது நடந்தது. கேப்டன் மக்கே என்பவர் பக்கத்துப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஆர்க்னிக்குப் புதியவர். இப்படி வந்து குடியேறுகிறவர்களை அங்கே ‘ஃபெரிலூப்பர்’ என்பார்கள், படகிலிருந்து குதித்து வந்தவர் என்று அர்த்தம். பிழைக்க வந்தவன் என்று நாம் சொல்வதுபோல. கல்லைப் பார்க்கவும், சத்தியம் செய்யவும், துணி கட்டவும் ஆட்கள் ஓயாமல் தன் வயலுக்குள் நடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓடின் கல்லை உடைத்தார். வட்டத்திலிருந்த ஒரு கல்லைச் சாய்த்தார், இன்னொன்றை நொறுக்கினார். உடைந்த துண்டுகளை மாட்டுக் கொட்டகை கட்ட எடுத்துக்கொண்டார்.

ஊர் கொதித்தது. அவர் வீட்டுக்குத் தீ வைக்க இரண்டு முறை முயன்றார்கள். எதிர்ப்பும் சட்ட நடவடிக்கையும் சேர்ந்துதான் கடைசியில் அவர் கையைக் கட்டின. அதனால்தான் மிச்சக் கற்கள் இன்று நிற்கின்றன.

இதை நான் சொல்லி முடித்ததும் அப்பா மக்கேயைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் செஞ்சது தப்புத்தான். ஆனா வெள்ளாமைக்குள்ள நாளெல்லாம் ஆள் நடந்தா எவனுக்குத்தான் வயிறு எரியாது? அதையும் ரோசன பண்ணோணும்.”

“குத்தகைக்காரர்தானுங்கப்பா. நிலமே அவருதில்ல.”

“குத்தகைக்காரனுக்குத்தான் இன்னும் எரியும். வாரம் அவன்தானே குடுக்கோணும்.”

நான் பல ஆண்டுகளாக இந்தக் கதையைப் படித்தும் சொல்லியும் வந்திருக்கிறேன். ஒரு முறைகூட மக்கேயின் பக்கத்திலிருந்து அந்த வயலைப் பார்த்ததில்லை. பாரம்பரியச் சின்னம் என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வயலில், யாரோ ஒருவரின் வருமானத்தின் நடுவில்தான் நிற்கிறது. அவருக்கு வழி சொல்லாமல் கல்லை மட்டும் காப்பாற்ற முடியாது. அப்பா சொன்னது எனக்கு உறைத்தது.

அப்புறம் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

“நம்ம காட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. உனக்குத் தெரியாது. குத்துக்கல்லுன்னு சொல்லுவோம்.”

‘குத்துக்கல்லாட்டம் நிக்கிறான் பாரு’ என்று சின்ன வயதில் என்னை எத்தனை முறை வைதிருப்பார்கள்! அந்தச் சொல்லுக்குப் பின்னால் எங்கள் காட்டிலேயே ஒரு நிஜக் கல் நின்றிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் நொய்யலுக்குத் தெற்கே. கொடுமணலில் பெருங்கற்காலக் கல்லறைகளைத் தோண்டியெடுத்தார்களே, அந்தப் பக்கம்தான். அங்கே கல்லறைகளின் பலகைக் கற்களிலும் வட்டமாக ஒரு துளை உண்டு, இடுதுளை என்பார்கள். எங்கள் கல்லில் துளை கிடையாது. பொழியோரமாக ஓர் ஆளுக்கு மேல் உயரத்தில் மொழுக்கென்று கருங்கல் ஒன்று. ஆட்டுக்காரர்கள் அதன் நிழலில் உட்காருவார்கள். அமாவாசையன்று அப்பத்தா அதன் தலையில் கொஞ்சம் எண்ணெய் வைப்பார். ஏன் என்று கேட்டால், ‘எங்க மாமியா வெச்சாங்க’ என்பாராம்.

அப்பாவுக்குப் பதினாலு வயது இருக்கும்போது அப்பாரு, அதாவது தாத்தா, அதை உடைத்தார். புதிதாகக் கட்டுத்தரை போட வேண்டியிருந்தது. கல் உடைக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உளியால் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு வைத்து, சம்மட்டியால் போட்டார்கள். “மூணாவது அடியில சத்தம் மாறிப்போச்சு” என்றார் அப்பா. “மணி அடிக்கற மாதிரி இருந்தது, டொக்குன்னு ஆயிருச்சு. அப்புறம் பொளந்துருச்சு.” அப்பத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதைத் தவிர ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மக்கேயும் மாட்டுக்குத்தான் கொட்டகை கட்டினார், அப்பாருவும் மாட்டுக்குத்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாரு நல்ல மனிதர். கல் யாருடையது என்ற கேள்வியே அவர் முன்னால் வந்திருக்காது. தன் காட்டில் இருந்த கல், தன்னுடையது. ஆர்க்னிக்காரர்களுக்கு அந்தக் கேள்வி இருந்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும் கல் எங்களுடையது என்று நினைத்தார்கள். தீ வைக்கப் போனதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த உரிமை உணர்வு இல்லாமல் எந்தச் சட்டமும் அந்தக் குளிர்ந்த வயல்வரை வந்திருக்காது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1882இல், ஓடின் கல் உடைந்து 68 ஆண்டுகளுக்குப் பிறகு, நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பக்கின் விடாமுயற்சியால் பிரிட்டனில் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முதல் பட்டியலிலேயே ஸ்டென்னஸ் கற்கள் இடம்பெற்றன. பல்லில்லாத சட்டம்தான், உரிமையாளர் விரும்பினால்தான் அரசு கையில் எடுக்க முடியும். ஸ்டென்னஸ் வட்டம் அரசின் பராமரிப்புக்கு வந்தது 1906இல். மக்கே சாய்த்த கல்லைத் தூக்கி நிறுத்தினார்கள். இந்தியாவுக்கென்று 1904இல் கர்சன் காலத்தில் வந்த சட்டமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

1906இல் ஒரு தவறும் நடந்தது. வட்டத்துக்குள் கிடந்த கற்களைச் சேர்த்து மேசைபோல ஒரு பலிபீடம் எழுப்பினார்கள். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே வந்துபோன ஒரு நாவலாசிரியர் இங்கே பலிபீடம் இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதியிருந்தார், அதை நம்பிச் செய்தது. அறுபது வருடத்துக்கு மேல் மக்கள் அதைக் கற்கால பலிபீடம் என்றே நம்பிப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் மேற்கல் சரிந்தது. இப்போது தாங்கு கற்கள் மட்டும் நிற்கின்றன, மேற்கல் கீழே கிடக்கிறது. திரும்ப ஏற்றவில்லை. சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஆசையினால் செய்கிற திருத்தமும் ஒரு வகையில் அழிப்புதான், சம்மட்டி அளவுக்கு இல்லாவிட்டாலும்.

சரி, ஓடின் கல்? அதைத் திரும்ப நிறுத்தக் கல்லே இல்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் வரைந்து வைத்திருந்தார்கள். 1772இல் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸின் குழு இங்கே வந்து வட்டங்களை அளந்து படம் வரைந்துகொண்டு போனது. பிற்பாடு வந்தவர்களும் வரைந்தார்கள். இந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் அப்படி ஒரு துளைக்கல் இருந்ததே பாட்டி கதையாகியிருக்கும். 1988இல் அந்த வயலில் கல் நின்ற குழியையும் கண்டுபிடித்தார்கள். கல்லை எடுத்துவிட்டாலும் மண்ணுக்குள் அதன் தடம் இருந்திருக்கிறது. தோண்டிய மண்ணும் தோண்டாத மண்ணும் ஒன்றாவதே இல்லை, நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இது அப்பாவுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பழைய கிணற்றை மூடிய இடத்தில் இருபது வருடம் கழித்தும் சோளம் வேறு மாதிரி வளரும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மாலை பிராட்கர் வட்டத்துக்குப் போனோம். நூறு மீட்டருக்கு மேல் குறுக்களவு கொண்ட பெரிய வட்டம். 1980இல் இடி விழுந்து ஒரு கல் பிளந்தது. அந்தத் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. 2019இல் யாரோ ஒரு கல்லில் பெயர் கிறுக்கிவிட்டுப் போனார்கள். 1999 முதல் இந்தப் பகுதி உலகப் பாரம்பரியச் சின்னம், உல்லாசக் கப்பல்களில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆனால் மதில் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. கால் பட்டுப் பட்டுப் புல் செத்துச் சேறாகும்போது உள்பாதையை மூடி, புல் திரும்ப வளர்ந்த பிறகு திறக்கிறார்கள். காவல் என்று நான் பார்த்தது அதுதான், புல் வளரக் காத்திருப்பது. எனக்கு அது மிகவும் பிடித்தது. முள்வேலிக்குள் சீமைக்கருவேலம் மண்டி, நீலப் பலகை மட்டும் எட்டிப்பார்க்கிற சின்னங்களைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. ஆடு மேயும் இடத்தில் ஐயாயிரம் வயதுக் கல் நிற்க முடிவது, அதைச் சுற்றி வாழ்கிறவர்கள் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால்தான்.

திரும்பும் கப்பலில் அப்பாவிடம் ஒரு மிச்சக் கதையைச் சொன்னேன். ஓடின் கல்லின் துளையுள்ள துண்டு முழுக்க அழியவில்லையாம். குதிரை இழுத்துச் சுற்றும் ஆலை ஒன்றுக்கு நங்கூரம்போல அதைப் பயன்படுத்தினார்கள் என்றும், 1940கள் வரை இருந்தது, அப்புறம்தான் உடைத்தார்கள் என்றும் அங்கே சொல்வார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஒரு பண்ணையில் கிடந்திருக்கிறது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அப்பா உடனே போனை எடுத்தார். கடலில் சிக்னல் இல்லை. அபர்டீனில் இறங்கி, கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டு சித்தப்பாவை அழைத்தார்.

“டேய் தம்பி, கட்டுத்தரைக்கு உடைச்ச குத்துக்கல்லு... பாதி எங்கடா கெடக்குது?”

அரை மணியில் படம் வந்தது. கிணற்றடியில் சித்தி துணி துவைக்கிற கல். ஒரு பக்கம் சோப்புத் தண்ணீர் பட்டு வழவழப்பாகியிருந்தது. மறுபக்க விளிம்பில், ஒரே இடைவெளியில், ஐந்து உளிக்குழிகள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு குழியும் கட்டைவிரல் அகலம் இருக்கும். உள்ளே பாசி.

“அதை யாருகிட்டயும் குடுத்தராத. கொத்தனாருக்கும் குடுத்தராத” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “இன்னொரு பாதி கட்டுத்தரைச் செவுத்துக்குள்ள இருக்குது. செவுத்தைப் பிரிக்கோணும். எந்தக் குழியில நின்னுதுன்னு எனக்குத் தெரியும்.”

உடனே தூக்கி நிறுத்த வேண்டாம் என்றேன். முதலில் படம் எடுக்கலாம், அளக்கலாம், தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம். ஸ்டென்னஸ் பலிபீடம் என் மனசில் இருந்தது. அவர் மறுக்கவில்லை. கப்பல் டிக்கெட்டைத் திருப்பி, காரின் முன்மூடி மேல் வைத்து வரைய ஆரம்பித்தார். பொழி, வேப்பமரம், அதற்கு மேற்கே ஆறு எட்டு, அங்கே ஒரு வட்டம். கிணறு. பழைய வண்டித்தடம்.

“வடக்கு எதுன்னு போடுங்கப்பா” என்றேன்.

“கோயல் இருக்கிற பக்கம்தான் வடக்கு” என்று சொல்லி, ஒரு சின்னக் கோபுரம் போட்டார்.